புகை போன வழி

பாண் சுடும் கல்லடுப்பான போறணையின் இரும்புக் கதவைச் சாத்தி, அதன் ஓரங்களைக் குழைத்த களிமண்ணால் அப்பிவிட்டு நகுலேஸ்வரி நிமிர்ந்தபோது கொட்டில் தூணில் தொங்கிய மணிக்கூட்டில் இரண்டு மணி ஏழு நிமிடம். இரண்டு முப்பத்துமூன்றுக்குத் திறக்க வேண்டும். இருபத்தாறு நிமிடம். அதற்கு முன் யாரும் கதவைத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, உள்ளே ஒரு பாணைக்கூட இடம் மாற்றக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சொன்னபோது குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அவள் வாய்க்கால், மதகுப் படம் கீறும் கந்தோரில் யாராவது வரைபடத்தின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் வருகிற குரல் அது. கொட்டிலுக்குள் அவளைத் தவிர மூன்று பேர். போறணையைக் கட்டிய மேசன் அந்தோனிப்பிள்ளை வாசலோரம் மீந்த மணற் குவியலில் குந்தியிருந்தார். மா குழைத்து உருட்டிப் பாணை உள்ளே தள்ளிக் கொடுத்த மச்சாள் பவளம், கையிலிருந்த மாவைக் கழுவ மனமில்லாமல் உரித்து உரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் நகுலேஸ்வரியின் புருசன் குலேந்திரன். போறணைக்குப் பத்தடி தள்ளிக் கதிரையைப் போட்டு, வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையின் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்து அப்படியே நின்றுவிட்டவை. மல்லாத்தி வைத்தால் எதையோ பிடித்து வைத்திருப்பதுபோலத் தெரியும். இரண்டரை வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் இந்தக் கொட்டிலுக்குள் கால் வைத்திருக்கிறார்.

நிற்பதா இருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருக்க இன்னொரு கதிரை இல்லை. இருந்தாலும் இருந்திருக்க மாட்டாள். மணிக்கூட்டைப் பார்த்தாள், இரண்டு எட்டு. ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா? உள்ளே நாற்பத்தெட்டுப் பாண்கள் இருக்கின்றன, ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. இந்நேரம் உருண்டைகள் அடியில் பிடித்திருக்கும், மேலே இன்னும் வெள்ளையாக, ஈரமாக, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கி எழும்பிக்கொண்டிருக்கும். முன் வரிசை இடது பக்கம்? அந்த இடது பக்கம். பாண் போடுவதற்கு முன் தளத்தில் ஐந்து இடங்களில் ஒவ்வொரு பிடி மா எறிந்து பார்த்தாள். பவளம் வாய்விட்டு எண்ணினாள். இருபது எண்ணுவதற்குள் மா பழுப்பாக வேண்டும், கறுத்தால் சூடு கூட, வெளுத்தே கிடந்தால் சூடு காணாது. நடுவில் பழுப்பு, பின்னுக்குப் பழுப்பு, வலது பக்கம் பழுப்பு, போறணை வாயோரம் பழுப்பு. முன் இடதிலும் பழுப்புத்தான், ஆனால் ஒரு நூல் வெளிர்ப்பாக இருந்ததோ? இல்லை, அது அவளுடைய தலையின் நிழல். குனிந்து பார்த்தபோது வெளிச்சத்தை அவளே மறைத்துவிட்டாள். நிழல்தானா? தலையைத் தள்ளிப் பார்த்திருக்கலாம், ஒரு கணந்தான் ஆகியிருக்கும். அதற்குள் பவளம் ‘போடட்டோ அண்ணி’ என்றாள், இவள் ‘ஓம், போடு’ என்றாள். ஏன் அவசரப்பட்டாள்? அவசரம் என்ற சொல் வந்ததும் நினைவு சறுக்கி அவள் போக விரும்பாத பக்கம் போனது. இழுத்துப் பிடித்தாள். காலையில் விறகு எரிந்ததை நினை. ஒன்பது மணிக்கு மூட்டினாள், ஒரு மணிக்குத் தணலை வாரினார்கள், அதற்குப் பிறகு அரை மணி நேரம் கதவைச் சாத்தி வைத்துச் சூட்டைச் சமப்படவிட்டாள். எரியத் தொடங்கியதும் உள்ளே கூரைக் கல்லெல்லாம் கரி பிடித்து அட்டைக் கறுப்பாகும். பிறகு சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்க் கல் வெளுக்கும். எங்கே முதலில் வெளுக்கிறதோ அங்கே சூடு கூட. எங்கே கடைசி வரை கறுப்பு நிற்கிறதோ அங்கே குறைவு. பதினொன்றரைக்கு நடுவில் வெளுத்தது, பிறகு சுற்றிவர வெளுத்துக்கொண்டே வந்தது, வாய்க்கு மேலே மட்டும் ஒரு உள்ளங்கை அளவு கறுப்பு அசையாமல் நின்றது. பன்னிரண்டு மணிக்கும் நின்றது. பன்னிரண்டு இருபதுக்கும் நின்றது. அவள் சோறு தின்னவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் அது ஓரத்திலிருந்து கரைந்து, ஒரு ரூபாய்க் குற்றி அளவாகி, இல்லாமல் போனது. அந்தோனிப்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, ‘வடிவா வெளுத்திட்டுது அக்கா’ என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

அந்தோனிப்பிள்ளையை ஏன் கூப்பிட்டாள்? இந்தப் பகுதியில் வேறு மேசன் இல்லையா? எட்டு வருடம், எட்டரை வருடம் இருக்கும், முதல் போறணையைக் கட்டியவரும் இவர்தான். இதே இடம், இதே கொட்டில். குலேந்திரன் அப்போதுதான் மற்றவர்களுடைய வெதுப்பகங்களில் வேலை செய்தது போதும், சொந்தமாகத் தொடங்குவோம் என்றார். கல்லுப் போறணைதான் வேண்டும், விறகில் வெந்த பாணுக்கு ஒரு தனி மணம் என்றார். அதற்கென்ன, நான் கீறித் தாறன் என்று அவள் சொன்னாள். இருபது வருடமாகக் கந்தோரில் வாய்க்கால் கீறுகிறவள், மதகு கீறுகிறவள், ஒரு போறணை கீற மாட்டாளா? தண்ணீர் ஒரு தலைப்பால் வரும், மறு தலைப்பால் போகும். புகையும் அப்படித்தானே. வாயில் நெருப்பு, பின்சுவரில் புகைக்கூடு. கொட்டில் கூரையின் தீராந்தி மரம் குறுக்கே வந்ததால் புகைக்கூட்டைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் போட்டாள். அம்புக்குறி போட்டு, கீழே நீல மையில் கையெழுத்தும் வைத்தாள். அந்தோனிப்பிள்ளை அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ‘அக்கா, நான் கட்டின, பார்த்த போறணையெல்லாத்திலையும் புகைக்கூடு வாய்க்கு மேலதான் இருக்கு. பின்னுக்கு வைச்சா சூட்டை இழுத்துக்கொண்டு போயிடாதோ?’ மெதுவாகத்தான் கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்தது நல்ல ஞாபகம். ‘நீங்கள் கல்லை வையுங்கோ அந்தோனிப்பிள்ளை, கணக்கை நான் பாக்கிறன்’ என்றாள். அவர் கல்லை வைத்தார். மட்டம் பிடித்து, நூல் பிடித்து, ஒரு கல் கோணாமல் பிழையைக் கட்டி முடித்தார். இந்த முறை அவள் போய்க் கூப்பிட்டபோது, ‘இப்ப எங்க அக்கா புகைக்கூடு?’ என்று மட்டும் கேட்டார். ‘வாய்க்கு மேல’ என்றாள். தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவளை இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு தரமாவது குத்திக் காட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இரண்டு பன்னிரண்டு. பவளம் இப்போது மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்கிறாள். குலேந்திரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரையா? இல்லை. மூக்கு விரிந்து சுருங்குகிறது. மணம் பிடிக்கிறார். பழைய போறணையில் அவர் மணிக்கூடு பார்த்ததே கிடையாது, மணத்திலேயே நேரம் சொல்லுவார். பதின்மூன்றாவது நிமிடத்தில் கதவைத் திறப்பார். வலது பின்பக்கத்துப் பாண்கள் அதற்குள் செங்கல் நிறமாகிவிடும், முன் இடதில் உள்ளவை அப்போதும் பச்சை மாவாகவே கிடக்கும். நீளக் கைபிடி போட்ட பலகையைச் சூட்டுக்குள் விட்டு, பின்னால் இருப்பதை முன்னால் இழுத்து, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளி, நாற்பத்தெட்டையும் இரண்டே நிமிடத்தில் இடம் மாற்றுவார். சூடு வெளியே போக முன் கதவைச் சாத்திவிட வேண்டும். பார்க்க ஒரு ஆட்டம் போல இருக்கும். பாண் வாங்க வந்த சனம் நின்று பார்க்கும். அவளும் பார்த்திருக்கிறாள், ஒரு பெருமையோடு, என்ர மனிசன் என்று. எல்லாப் போறணையும் இப்படித்தான் என்று அவர் நினைத்தார். ஒவ்வொரு போறணைக்கும் ஒரு குணம் இருக்கும் நகுலா, அதை நாங்கள் பழகவேணும் என்பார். ஆறு வருடம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அவர் அந்தக் குணத்தைப் பழகினார். வெயிலிலும் மழையிலும் காய்ச்சலிலும் பழகினார். அவளுடைய அம்புக்குறியைத்தான் அவர் பழகிக்கொண்டிருந்தார் என்று அப்போது அவளுக்கும் தெரியாது. உண்மையிலேயே தெரியாதா? ஒரு சந்தேகமும் வரவில்லையா? ஒரு தடவை, மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, அந்தப் பச்சைப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு அந்தோனிப்பிள்ளை கேட்டதை நினைத்தாள். நினைத்தது உண்மை. நினைத்துவிட்டு உள்ளே போய்ச் சோற்றுக்கு அரிசி போட்டாள். அதுவும் உண்மை.

இரண்டரை வருடத்துக்கு முன், மார்கழி மாதம். மூன்று நாளாக விடாத மழை, விறகு ஈரம், பலகையின் கைபிடி ஊறிப்போய் நடுவில் ஒரு வெடிப்பு. வலது பின்மூலையில் நாலு பாண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இழுத்தால் வரவில்லை, இழுத்த இழுப்பில் கைபிடி முறிந்து பலகை உள்ளேயே விழுந்தது. விட்டிருந்தால் பாண்தான் கருகியிருக்கும், நாற்பத்தெட்டும் கருகட்டுமே. அவர் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தோள் வரைக்கும் உள்ளே விட்டார். ஈரச் சாக்கு அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் யார் யோசிக்கிறார்கள். சாக்கில் இருந்த தண்ணீர் முழுக்க ஆவியாகி அவருடைய கையைச் சாக்குக்குள்ளேயே வைத்து அவித்தது. அவள் அப்போது கந்தோரில் ஒரு மதகுக்குக் கீறிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நாற்பத்துமூன்று நாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். அந்த நாட்களில்தான் ஒரு நாள் பின்னேரம் மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள், உடுப்பை எடுக்காமல் கொட்டிலுக்குப் போனாள். போறணை ஆறிக் கிடந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றைக்கும் தெரியாது, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அந்தப் பதினெட்டு அங்குல வாய்க்குள் தலையை விட்டு, தோளைக் குறுக்கி, முழங்கையால் ஊர்ந்து உள்ளே போய் மல்லாந்து படுத்தாள். சாம்பலும் புளித்த மாவும் கலந்த மணம். கூரை மூக்குக்கு ஒன்றரை அடி மேலே. வெளிச்சத்தை அடித்தாள். வாயிலிருந்து புகைக்கூட்டுத் துளை வரைக்கும் குறுக்கே ஒரு பாதை கல்லில் வெள்ளையாகக் கிடந்தது, தெருப்போல. அந்தத் தெருவுக்கு இடது பக்கம் முழுக்க ஆறு வருடக் கரி, எரியாத கரி, விரல் வைத்தால் கன்னங்கரேலென்று ஒட்டியது. யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. புகை ஒரு தலைப்பால் வந்து மறு தலைப்பால் போயிருக்கிறது, அவள் கீறின மாதிரியே, சூட்டையும் கூட்டிக்கொண்டு. அம்புக்குறிகூட அங்கே இருப்பதுபோல இருந்தது. மூச்சு முட்டி வெளியே வர முயன்றபோது தோள் சிக்கிக்கொண்டது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தலை வெளியேயும் உடம்பு உள்ளேயுமாக அப்படியே கிடந்தாள். கூப்பிட்டால் பவளம் ஓடி வந்திருப்பாள். கூப்பிடவில்லை.

அதை அவரிடம் எப்போது சொல்வது? முதலில் காயம் ஆறட்டும் என்று நினைத்தாள். காயம் ஆறியது. கையைப் பழக்கும் வரைக்கும் பொறு என்று நினைத்தாள். விரல் நிமிரவே இல்லை. பிறகு பார்க்க வருகிற சனம். சொந்தக்காரர், பழைய வாடிக்கைக்காரர், கோயில் ஆட்கள், எல்லாருக்கும் அவர் ஒரே கதையைச் சொல்வார், ‘வேற ஒருத்தரும் காரணமில்லை, என்ர அவசரம்தான். ஒரு பலகைக்கு ஆசைப்பட்டுக் கையைக் குடுத்தன்.’ சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. வந்தவர்கள் ‘நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்’ என்பார்கள், அவர் ‘ஓம் ஓம், என்ர பிழைதான்’ என்பார். சரியாக அந்த இடத்தில் அவள் தேத்தண்ணித் தட்டத்தோடு வருவாள். எத்தனை தரம்? நூறு தரம் இருக்குமா? ஒவ்வொரு தரமும் சொல் தொண்டை வரைக்கும் வந்தது, தட்டத்தை வைத்துவிட்டுச் சீனி காணுமோ என்று கேட்டாள். பழைய போறணையை உடைக்கச் சொன்னதும் அவள்தான். வெடிப்பு விட்டிட்டுது, இனி இருந்தால் ஆபத்து என்று ஒரு பொய் சொன்னாள். உள்ளே இருக்கிற அந்த வெள்ளைத் தெருவை வேறு யாரும் பார்க்கக் கூடாது. கல்லெல்லாம் குவியலாகி, அந்தக் குவியல் ஒரு மாரி முழுக்க நனைந்து, பாசி பிடித்த பிறகுதான் அவளுக்கு நித்திரை வந்தது. அதுவும் கொஞ்ச நாள்தான்.

இரண்டு பதினெட்டு. மணம் வரத் தொடங்கியது. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, இனி மேல்தோல் சிவக்கிற மணம் வரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முட்டாள்தனம், சாத்திய கதவின் வெளியே நின்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும். ஆனாலும் போறணையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். வெளிச்சுவரில் கையை வைத்தாள், வலது பக்கம், பிறகு பின்பக்கம், பிறகு இடது பக்கம். சாந்து பூசிய சுவர் வெதுவெதுப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு மாதிரி. இதை இரண்டு வருடமாகக் கீறினாள். கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துவிட்ட வாய்க்கால் படங்களின் முதுகுப் பக்கத்தில். உடைந்த போத்தல் ஓட்டையும் மணலையும் தளத்துக்குக் கீழே ஒன்பது அங்குலத்துக்குப் பரப்பினால் சூடு நிலத்துக்குள் இறங்காது. கூரை உயரம் இருபத்துநாலு அங்குலம் என்றால் வாயின் உயரம் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சூடு கொட்டிவிடும், குறைந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும். ஒரு நாள் கிணற்றடிக் கல்லில் களிமண்ணால் ஒரு சின்னப் போறணை செய்து, உள்ளே ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துப் புகை எப்படிப் போகிறது என்று குந்தியிருந்து பார்த்தாள். புகை நேரே பின்சுவருக்குப் போனது, சுவரில் மோதி மேலே ஏறியது, கூரையைத் தடவிக்கொண்டே இரண்டு பக்கமும் பிரிந்து வாய்க்குத் திரும்பி வந்து, வாய்க்கு மேலே உள்ள துளையால் போனது. வந்த வழியே திரும்பிப் போனது. போகிற வழியில் ஒரு இடத்தையும் விடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், ஊதுபத்தி முடிந்தது. குலேந்திரன் பின்னால் வந்து நின்று, ‘என்ன நகுலா, சின்னப் பிள்ளையள் மாதிரி மண் வீடு விளையாடுறீர்’ என்று கேட்டார். ‘சும்மா’ என்றாள். ‘இன்னொண்டு கொளுத்தட்டோ?’ என்று வலது மணிக்கட்டால் நெருப்புப் பெட்டியைத் தொடையில் அழுத்திப் பிடித்து, இடது கையால் குச்சியை உரசினார். மூன்று குச்சி முறிந்தது. நாலாவது பற்றியது. அவர் சிரித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வேறு எப்போது சொல்லப் போகிறாள், அப்போது சொல்லியிருக்கலாம்.

இந்தப் போறணை நல்லபடி வெந்தால் என்ன ஆகும் என்பதை அவள் இன்று காலையில் விறகு மூட்டும்போதுதான் முழுதாக யோசித்தாள். நாற்பத்தெட்டும் ஒரே நிறத்தில் வந்தால், திருப்பாமலே வந்தால், அவர் என்ன மடையனா? அரை நிமிடம் போதும். திருப்பத் தேவையில்லாத போறணை ஒன்று இருக்கிறது என்றால், தான் ஆறு வருடம் திருப்பியது எதற்கு என்று கேட்பார். கேட்காமலே விளங்கிக்கொள்வார். அப்படியென்றால் வெந்து வராமல் போகட்டுமா? இரண்டு வருட வேலை, பவளத்தின் நம்பிக்கை, அந்தோனிப்பிள்ளை இரண்டு மாதம் முதுகு ஒடியக் கட்டியது, எல்லாம் வீணாகட்டுமா? வேண்டாம். வேண்டாம். ஆனால் ஒரு நாலு பாண், பின்பக்கத்தில் ஒரு நாலு பாண் மட்டும் கொஞ்சம் கூடச் சிவந்து வந்தால்? எல்லாப் போறணையும் இப்படித்தான் நகுலா என்று அவர் சொல்லக்கூடிய அளவுக்கு? அப்படி நினைத்த உடனேயே அவளுக்குத் தன்னை அருவருத்தது. எந்தத் தாய் தன் பிள்ளை பரீட்சையில் கொஞ்சம் குறைய எடுக்கட்டும் என்று வேண்டுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. முன் இடது பக்கத்து மா வெளிர்ப்பாக இருந்தது நிழலால் இல்லை என்று இப்போது நம்ப விரும்பினாள், அடுத்த கணமே நிழல்தான் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டு இருபத்தைந்து. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

‘ஒரே மாதிரி மணக்குது’ என்று குலேந்திரன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். ‘ஒரு இடமும் கருகேல்லை.’

‘ஓமண்ணை’ என்றார் அந்தோனிப்பிள்ளை.

‘அந்தோனி, இந்தப் புகைக்கூடு முன்னுக்கு இருக்கிறது எவ்வளவு வடிவா இழுக்குது. காலையில நான் அங்கால நிண்டு பாத்தனான்.’ கண்ணைத் திறந்துவிட்டார். குரலில் கோபம் இல்லை, கதை கேட்கிற மாதிரித்தான் இருந்தது. ‘அப்ப ஏன் அந்த முறை பின்னுக்கு வைச்சனீர்? அவ கீறித் தந்தாலும், உமக்குத் தெரியாதே?’

அந்தோனிப்பிள்ளை மணலில் விரலால் ஒரு கோடு கீறினார், அதை அழித்தார். அவளைப் பார்க்கவில்லை. ஒரு தரமாவது பார்த்திருந்தால் அவள் பொறுத்திருக்கக்கூடும். ‘அப்ப அவ்வளவு தெரியேல்லை அண்ணை’ என்றார். ‘என்ர பிழைதான்.’ குலேந்திரன் அந்த மனிதரையே பார்த்தார், பிறகு தன்னுடைய வலது கையைப் பார்த்தார், பிறகு திரும்பவும் அந்த மனிதரைப் பார்த்தார். அந்தப் பார்வை மெதுவாக மாறிக்கொண்டு வருவதை நகுலேஸ்வரி கண்டாள், கூரையில் கரி கரைந்ததுபோல ஓரத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. இன்னொரு நிமிடம் போனால் அது முழுதாக மாறிவிடும். அதற்குப் பிறகு அந்தோனிப்பிள்ளை இந்த வளவுக்குள் வர மாட்டார். யாரும் அவளை ஒன்றும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு சுகம். எவ்வளவு லேசான காரியம், சும்மா நின்றால் போதும், நூறு தரம் நின்ற மாதிரி இன்னொரு தரம். கையில் ஒரு தட்டம்தான் இல்லை.

‘அவர் சொன்னவர்’ என்றாள்.

பவளம் துடைப்பதை நிறுத்தினாள்.

‘அவர் அப்பவே சொன்னவர், முன்னுக்குத்தான் வைக்கவேணும் எண்டு. நான்தான் கேக்கேல்லை. நீங்கள் கல்லை வையுங்கோ, கணக்கை நான் பாக்கிறன் எண்டு சொன்னனான். பின்னுக்கு வைச்சதாலதான் சூடு ஒரு பக்கமா இழுத்தது. இல்லாட்டி நீங்கள் பாணைத் திருப்பவே தேவையிருந்திருக்காது. உங்கட அவசரம் இல்லை. என்ர படம்.’

கொட்டிலுக்கு வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் போனது.

‘எப்ப தெரியும்?’

‘நீங்கள் ஆஸ்பத்திரியில இருக்கேக்க. உள்ளுக்குப் போய்ப் பாத்தனான்.’

‘இரண்டரை வருசம்.’

‘ஓம்.’

‘வந்த சனம் எல்லாத்துக்கும் நான் சொன்னன், என்ர அவசரம் எண்டு.’ ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ‘நீர் தேத்தண்ணி கொண்டந்து தந்தீர்.’

அவள் எதிர்பார்த்தது வேறு. புகைக்கூட்டைப் பற்றிக் கேட்பார், கையைப் பற்றிக் கேட்பார், அதற்கெல்லாம் இரண்டரை வருடமாக மறுமொழி சேர்த்து வைத்திருந்தாள், தண்ணீர் போகிற மாதிரிப் புகையும் போகும் என்று நினைத்ததை, இருபது வருட வாய்க்கால் பழக்கத்தை, எல்லாவற்றையும். தேத்தண்ணிக்கு மறுமொழி இல்லை. பால் கூடவா குறையவா என்று கேட்டுக் கேட்டு ஊற்றியதுதான் ஞாபகம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. அந்தோனிப்பிள்ளை எழும்பி, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டி, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் குந்தினார். மணிக்கூட்டின் முள் நகர்ந்தது. இரண்டு முப்பது, முப்பத்தொன்று. உள்ளே பாண்கள் வெந்துகொண்டுதான் இருந்தன, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்துமூன்று வந்தது. ஒருவரும் அசையவில்லை. முப்பத்துநாலு.

‘அண்ணி, நேரம்’ என்றாள் பவளம், அழுகிற குரலில்.

நகுலேஸ்வரி தன் புருசனைப் பார்த்தாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘திறவும்’ என்றார். ‘பாண் என்ன பிழை செய்தது.’

களிமண்ணைக் கம்பியால் தட்டி உதிர்த்தாள். இரண்டு தரம் கம்பி வழுக்கியது. கதவை இழுத்தபோது முகத்தில் அடித்த சூட்டுக்குக் கண்ணை மூடினாள், மூடியபடியே ஒரு கணம் நின்றாள். திறந்தபோது உள்ளே நாற்பத்தெட்டும் இருந்தன. பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை, வலது, இடது. ஒன்றைப் போல ஒன்று, காய்ந்த தென்னம்பாளையின் உள்பக்கம் போன்ற அந்த நிறத்தில், ஒன்றுகூட முந்தாமல், ஒன்றுகூடப் பிந்தாமல். முன் இடது மூலையிலிருந்த பாணை முதலில் பலகையால் இழுத்தாள். திருப்பி அடியில் தட்டிப் பார்த்தாள். டொக்கென்று வெறும் பானைச் சத்தம் வந்தது. உள்ளே வெந்திருக்கிறது. ‘கடவுளே’ என்றார் அந்தோனிப்பிள்ளை. பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோசம் எங்கேயோ பக்கத்தில் நின்றது, நகுலேஸ்வரிக்கு அதை எடுத்துக்கொள்ளக் கை வரவில்லை. கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது பாணை இழுத்தாள், மூன்றாவதை இழுத்தாள். காலடிச் சத்தம் வாசலைத் தாண்டி வளவுக்குள் போனது. தெருப் படலை திறக்கிற சத்தம் வருகிறதா என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு, கையால் பாணை இழுத்தாள். பதினேழு, பதினெட்டு. படலைச் சத்தம் வரவில்லை. முப்பது. வரவில்லை. நாற்பத்தெட்டாவதை மேசையில் வைத்தபோது விரல் நுனிகள் கன்றிச் சிவந்திருந்தன. அப்போதுதான் நிமிர்ந்து வெளியே பார்த்தாள். அவர் முருங்கை மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், இடது கையால் வலது கையின் முழங்கைக்குக் கீழே பிடித்தபடி.

அவள் வாசல்படியில் போய் நின்றாள். கிட்டப் போகத் துணிவு வரவில்லை.

‘எனக்கு உம்மோட கோவம்’ என்றார் திரும்பாமல். ‘கைக்கு இல்லை. விளங்குதோ? கைக்கு இல்லை. இது கெதியில போகாது.’

‘ஓம்.’

‘கன நாளைக்கு இருக்கும்.’

‘இருக்கட்டும்’ என்றாள். ‘எங்கையும் போகாதையுங்கோ. இஞ்ச இருந்து கோவமா இருங்கோ.’

ஒரு காகம் மதிலில் வந்து இருந்து, பாண் மணத்துக்குத் தலையைச் சரித்துப் பார்த்தது. அவர் அதைக் கலைத்தார். பிறகு திரும்பி, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அவளைக் கடந்து கொட்டிலுக்குள் போனார். மேசை முன்னால் நின்று ஒரு பாணை எடுத்துப் பார்த்தார், வைத்தார், கடைசி வரிசையில் இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். அந்தோனிப்பிள்ளையின் தோளில் இடது கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். மற்ற மேசையில் ஈரத்துணிக்குக் கீழே இன்னும் நாற்பத்தெட்டு உருண்டைகள் பொங்கி, துணியைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் துணியை விலக்கினார்.

‘ஏன் எல்லாரும் நிக்கிறியள்?’ என்றார். ‘சூடு போகுது. கதவைச் சாத்தும் நகுலா. இரண்டாந்தரம் போடவேணும்.’

ஓடிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் மா கீறும் சவர பிளேட்டை இடது கையில் எடுத்து, முதல் உருண்டையின் மேல் ஒரு கீறல் போட்டார். கோணலாக விழுந்தது. இரண்டாவதும் கோணல்தான், மா பிளேட்டோடு இழுபட்டுக் கிழிந்தது. பவளம் ‘நான் கீறட்டோ அண்ணை’ என்று வாயெடுத்தாள், நகுலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு எதிர்ப்பக்கமாகப் போய் நின்று, மூன்றாவது உருண்டை ஓடாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் கொடுத்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கீறினார்.